கைக்குழந்தையோடு பழைய ரயில் பாதையில் சைக்கிள் பயணம்: அலிகேனி பாதைக்கு எப்போது, எப்படி?

கேள்வி இது: வர்ஜீனியாவில் ஆஷ்பர்ன் பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பதிக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. ஜூலை 4 நீண்ட விடுமுறையில், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாண்டின் கம்பர்லண்ட் வரை போகும் ‘கிரேட் அலிகேனி பாசேஜ்’ பாதை முழுவதையும், குழந்தையை டிரெய்லரில் (சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன வண்டி) உட்காரவைத்து நான்கு நாளில் ஓட்டி முடிக்க ஆசைப்படுகிறார்கள். பழைய ரயில் பாதை என்பதால் ஏற்றமே இருக்காது, அதனால் குழந்தைக்கும் சிரமம் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்களாம். சரிதானா?

ஏற்றம் குறைவு என்பது சரி. அதனால் குழந்தைக்குச் சிரமம் இல்லை என்பது சரியில்லை. ஏற்றம் குறைந்தால் சௌகரியம் மிதிக்கிறவர்களுக்குத்தான். பின்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு முக்கியம் அதிர்வு, தூசி, குளிர், கழுத்து, தூக்கம். அதனால் என் பதில்: ஜூலையில் வேண்டாம், அக்டோபரில் போங்கள். 240 கிலோமீட்டரும் வேண்டாம், அதில் இரண்டு மூன்று நல்ல துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் கூட்டிப்போக வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. நீங்கள் ஓட்டப்போகும் பென்சில்வேனியாவில் வேறொரு சட்டம்: 12 வயதுக்குக் கீழ் உள்ள யாரும் சைக்கிளில் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும், டிரெய்லரில் உட்கார்ந்திருந்தாலும். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை இன்னும் உறுதிப்படவில்லை. அந்தத் தலைக்கு மேல் ஹெல்மெட்டின் எடையும் ஏறினால், ஒவ்வொரு குலுக்கலிலும் கழுத்துதான் வாங்கிக்கொள்ளும். ஹெல்மெட் கட்டாயம், ஆனால் ஹெல்மெட்டைத் தாங்கும் கழுத்து இன்னும் வரவில்லை. இந்த முடிச்சு தானாக அவிழ்வது ஒரு வயதுக்குப் பிறகுதான். உங்கள் மகளுக்கு செப்டம்பரில் ஒரு வயது ஆகிறது. அக்டோபர் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். அப்போதும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் உறவினர் யாராவது, “நாங்கள் மூன்று மாதக் குழந்தையையே முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறோமே” என்று சொல்வார்கள். உண்மைதான், அங்கே கார் சீட்டைப் பெட்டிக்குள் பொருத்தியும், தொட்டில் மாதிரியான தனி இருக்கை வைத்தும் போகிறார்கள். ஆனால் அது தார்ப் பாதையில், மெதுவாக, கடைக்குப் போய் வருகிற தூரம். அலிகேனியின் ஜல்லித்தூள் பாதையில் நாள் முழுக்க இழுப்பதற்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இப்போது பாதையைப் பார்ப்போம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அதனால் அந்தக் காலத்தில் மலையைக் குடைந்தும், பள்ளத்தில் பாலம் கட்டியும், ஆற்றை ஒட்டி வளைந்து போயும் ஏற்றத்தை இரண்டு சதவீதத்துக்குக் கீழே வைத்தார்கள். இந்தப் பாதையின் பெரும்பகுதி வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே கம்பெனியுடையது. ஆற்றின் மறுகரையிலேயே இன்னொரு கம்பெனியின் தடம் இருந்தது. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததும் ஒன்று போதும் என்று முடிவெடுத்து, 1975-இல் இந்தத் தடத்தைக் கைவிட்டார்கள். 1986-இல் ஒஹாயோபைல் பக்கம் முதல் துண்டு சைக்கிளுக்குத் திறந்தது. துண்டு துண்டாகச் சேர்ந்து பிட்ஸ்பர்க் வரை முழுமையானது 2013-இல்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால் 200 கிலோமீட்டருக்கு மேல் கண்ணுக்கே தெரியாத ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 729 மீட்டர் உயரத்தில் கிழக்குக் கண்டப் பிரிவு வரும். மழைநீர் ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் பிரிகிற இடம். அங்கிருந்து கம்பர்லண்டுக்கு 38 கிலோமீட்டரில் சுமார் 540 மீட்டர் இறங்கிவிடும். டிரெய்லர், குழந்தை, சாமான் எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவைத் தாண்டும் எடையை இந்தப் பக்கம் கம்பர்லண்டிலிருந்து மேலே இழுக்காதீர்கள். ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். மூன்று மணி நேரம் விடாமல் மிதித்துப் பார்த்தால்தான் அந்த ஒன்றரையின் அருமை புரியும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நாளில் 240 என்றால் நாளுக்கு 60 கிலோமீட்டர். டிரெய்லரோடு இந்தப் பாதையில் மணிக்கு 10, 12 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். அப்படியானால் குழந்தை தினமும் ஐந்தாறு மணி நேரம் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு நாளும் அப்படி. ஒரு வயதுக் குழந்தை ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். அப்புறம் இறங்க வேண்டும், தவழ வேண்டும், கல்லைப் பொறுக்கி வாயில் போட வேண்டும். அதனால் நாளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் திட்டமே போடாதீர்கள். அதையும் இரண்டாகப் பிரித்து, நடுவில் குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளி விடுங்கள்.

தூக்கம்தான் இதில் பெரிய சிக்கல். டிரெய்லர் நகர ஆரம்பித்த பத்து நிமிடத்தில் பெரும்பாலான குழந்தைகள் தூங்கிவிடும். பெற்றோருக்கு அது வரம் மாதிரி தெரியும். தூங்கும்போது தலை எங்கே போகிறது என்று பாருங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் இருக்கையின் முதுகில் முட்டி, தலையை முன்னே தள்ளும். தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சுக் குழாய் மடங்கலாம். நல்ல டிரெய்லர்களில் ஹெல்மெட் பதிவதற்கு முதுகுத் துணியில் பள்ளமான இடம் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். உடம்பு சற்று முன்னே வந்து, ஹெல்மெட்டுக்குப் பின்னால் இடம் கிடைக்கும். தலை பக்கவாட்டில் சாய்ந்தால் பரவாயில்லை, முன்னால் கவிழ்ந்தால் உடனே நிறுத்துங்கள். இதைக் கவனிக்க ஒருவர் டிரெய்லரை இழுக்க, இன்னொருவர் பின்னாலேயே வர வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி வைத்தாலும் குழந்தையின் முகம் தெரியாது.

பின் சீட்டா டிரெய்லரா என்று கேட்டால், தயங்காமல் டிரெய்லர். சீட்டில் இருந்து விழுந்தால் குழந்தை உங்கள் இடுப்பு உயரத்திலிருந்து விழும். டிரெய்லர் தரையை ஒட்டி இருக்கும். சைக்கிள் சாய்ந்தாலும் அதன் இணைப்பு திரும்பிக்கொடுக்கும், டிரெய்லர் நிமிர்ந்தே நிற்கும். விலை 200 டாலருக்குள்ளும் கிடைக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. உங்கள் பயணத்துக்குக் காசு போட வேண்டிய இடம் ஷாக் அப்சார்பரும் ஐந்து முனை பெல்ட்டும் மட்டும்தான். பழையது வாங்கினால் அந்த மாடலைக் கம்பெனி எப்போதாவது திரும்பப் பெற்றதா என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவில் குறைந்த பக்கமே குழந்தைக்கு நல்லது.

டிரெய்லர் கவிழ்வது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான்: வளைவில் வேகமாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் கல்லிலோ மேட்டிலோ ஏறுவது. அது உங்கள் சைக்கிளைவிட அகலம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் கைக்கு நினைவிருக்காது. ரோட்டைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாமல் நடுவில் கம்பம் நட்டிருப்பார்கள். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது. ரோட்டைக் கடக்கும்போது இன்னொன்று: நீங்கள் மறுபக்கம் ஏறிவிட்ட நேரத்தில் குழந்தை இன்னும் ரோட்டின் நடுவில் இருக்கும். மொத்த நீளத்துக்கும் சேர்த்து இடைவெளி பார்த்த பிறகே ரோட்டில் இறங்குங்கள்.

இதையெல்லாம் பழக உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. வாஷிங்டன் அண்டு ஓல்டு டொமினியன் பாதையும் பழைய ரயில் தடம்தான். 1968-இல் ரயில் நின்று, 1988-இல் பர்சல்வில் வரை பாதை முழுமையானது. 72 கிலோமீட்டர், முழுக்கத் தார். ஆஷ்பர்ன் வழியாகவே போகிறது. செப்டம்பரில் பிறந்தநாள் முடிந்த பிறகு, முதலில் காலி டிரெய்லரில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து நீங்கள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிரேக் எவ்வளவு முன்னாலேயே பிடிக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். அதற்குள் குழந்தைக்கு வீட்டில் ஹெல்மெட் போட்டுப் பழக்குங்கள். நீங்கள் இருவரும் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அவளும் போட்டுக்கொள்வாள். பிறகு ஹெர்ண்டன் பக்கம் போய், அங்கே நிறுத்திவைத்திருக்கும் சிவப்பு ரயில் பெட்டியைக் காட்டித் திரும்புங்கள். சனி ஞாயிறு காலையில் மட்டும் அந்தப் பாதைக்குப் போகாதீர்கள், பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அம்பு மாதிரி வருவார்கள்.

இந்தத் தார்ப் பாதையில் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டு வருகிற குழந்தைதான் அலிகேனிக்குத் தயார். அங்கே நகரத்தை விட்டுத் தாண்டினால் தரை முழுக்க அரைத்த சுண்ணாம்புக்கல். நன்றாக இறுகியிருக்கும், ஆனால் தார் இல்லை. காய்ந்த நாளில் உங்கள் பின்சக்கரம் கிளப்பும் வெள்ளைத் தூசு நேராக டிரெய்லருக்குள் போகும். மழை பெய்த மறுநாள் அதுவே சேறாகத் தெறிக்கும். பின்சக்கரத்துக்கு நீளமான மட்கார்டு போடுங்கள், டிரெய்லரின் வலையை எப்போதும் மூடியே வையுங்கள். நாள் முடிவில் வலையின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும்.

எந்தத் துண்டுகள்? எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

கான்ஃப்ளூயன்ஸிலிருந்து ஒஹாயோபைல். சுமார் 17 கிலோமீட்டர், யாக்கிகேனி ஆற்றை ஒட்டியே போகும், ஒஹாயோபைல் பக்கம் லேசான இறக்கம், ரோட்டைக் கடக்கும் தொல்லை அநேகமாக இல்லை. ஊருக்குள் அருவி, ஐஸ்கிரீம், புல்வெளி எல்லாம் நடக்கும் தூரத்தில். அங்கேயே மதியம் வரை உட்கார்ந்துவிடுங்கள். ஊரைத் தாண்டியதும் வரும் உயரமான பாலத்தில் நின்றால் கீழே படகுகள் அலையில் குதித்துப் போவது தெரியும். பக்கத்தில்தான் ஃப்ராங்க் லாயிட் ரைட் அருவிக்கு மேல் கட்டிய ‘ஃபாலிங்வாட்டர்’ வீடு. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டுக்குள் விட மாட்டார்கள், நீங்கள் இருவரும் மாறி மாறித்தான் போய்ப் பார்க்க முடியும். இந்த ஆற்றோரத்தில் மலை இடுக்கில் போனில் சிக்னல் அடிக்கடி போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்தது மையர்ஸ்டேல். பழைய ரயில் நிலையக் கட்டடம் இப்போது சின்ன அருங்காட்சியகம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் வாக்கில் சாலிஸ்பரி பாலம், 580 மீட்டர் நீளம், சுமார் முப்பது மீட்டர் உயரம். கேசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு ரயில் தடம் எல்லாம் அதன் கீழே போகின்றன. அந்த வயதுக் குழந்தைக்கு நூறு பெட்டி சரக்கு ரயிலை மேலிருந்து பார்ப்பதைவிடப் பெரிய காட்சி அந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்பேன். போக வர ஆறு கிலோமீட்டர்தான் என்பதால் நீங்கள் வந்து சேரும் நாளின் மாலைக்கு இதுவே போதும்.

மூன்றாவது, டீல் என்ற இடத்தில் ஆரம்பித்து ஃப்ராஸ்ட்பர்க் வரை. குழந்தை நன்றாகப் பழகியிருந்தால் மட்டும். சுமார் 15 கிலோமீட்டரில் கண்டப் பிரிவு, பிக் சாவேஜ் சுரங்கம், பென்சில்வேனியாவும் மேரிலாண்டும் பிரியும் மேசன்–டிக்சன் கோடு மூன்றும் வந்துவிடும். ஆரம்பத்தில் கொஞ்சம் தவிர எல்லாம் இறக்கம். சுரங்கம் ஒரு கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் உள்ளே கசியும் தண்ணீர் உறைந்து சுவரைப் பிளக்காமலிருக்க இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிடுவார்கள், அக்டோபரில் திறந்திருக்கும். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் உங்கள் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து நுழைந்ததும் முகத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி ஒரு குளிர் அடிக்கும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் டிரெய்லரின் மேல் டப் டப்பென்று விழும். தூங்கும் குழந்தை அங்கே திடுக்கிட்டு விழித்து அழுதால் அந்த அழுகை சுரங்கம் முழுக்க எதிரொலித்து இரண்டு மடங்காகும். அதனால் வாசலில் நிறுத்தி, எழுப்பி, இன்னொரு சட்டை போட்டு, பேசிக்கொண்டே கூட்டிப்போங்கள். மறுமுனையில் மேரிலாண்ட் மலைகள் திறந்து கிடக்கும். அதற்கப்புறம் பிரேக்கில் கை வைத்தபடியே இறங்குங்கள், மணிக்கு 15-ஐத் தாண்ட விடாதீர்கள்.

குளிர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மிதிக்கிற உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கிற அவளுக்குக் காற்று அடிக்கும். உங்கள் உடம்பை வைத்து அவளுக்கு உடுத்தாதீர்கள். கையைத் தொட்டுப் பார்த்தும் பயனில்லை, குழந்தையின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள், சில்லென்று இருந்தால் நிறுத்திப் போர்த்துங்கள்.

அக்டோபரில் இலை நிறம் மாறும் அழகு உண்டு, கூடவே வேட்டைக் காலமும் உண்டு. பாதை சில இடங்களில் வேட்டைக்கு அனுமதியுள்ள காட்டை ஒட்டிப் போகும். டிரெய்லரின் கொடி உட்பட பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் மேலே இருக்கட்டும். உண்ணி இன்னும் அடங்கியிருக்காது. உண்ணி பரப்பும் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. புல்லில் தவழவிட்டால் இரவு குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, டயப்பர் கோடு எல்லாம் பாருங்கள்.

இனி பலரும் மறந்துவிடுகிற விஷயம், கார் சீட். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனையில் முடித்தால், ஷட்டில் வேனில் திரும்ப வேண்டும். வேனில் குழந்தைக்குக் கார் சீட் வேண்டும். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே முடிந்த இடத்தில் போன வழியே திரும்பி வருகிற மாதிரி திட்டமிடுங்கள். முதல் துண்டையும் மூன்றாவதையும் முழுக்கப் போய்த் திரும்பினால் நாளுக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்; அவற்றுக்கு மட்டும் கார் ஓட்டத் தெரிந்த ஒரு நண்பர் கூட வந்தால் நல்லது, அவர் சீட்டோடு ஒஹாயோபைலிலும் ஃப்ராஸ்ட்பர்க் பாதை முகப்பிலும் காத்திருக்கட்டும். ஃப்ராஸ்ட்பர்க்கில் ஊருக்குள் இல்லை, பாதை முகப்பில். அங்கிருந்து ஊருக்கு ஏறுவது செங்குத்து.

தங்க கான்ஃப்ளூயன்ஸில் ஒரு வீடு எடுத்தால் போதும், மற்ற இடங்களுக்கு அங்கிருந்தே காரில் போய்விடலாம். ஊரிலிருந்து பாட்டி, தாத்தா வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை ஒருநாள் டிரெய்லரைப் பார்த்ததும் வில்லாக வளைந்து அழுதால், அன்று அவள் பாட்டியோடு இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டுங்கள். வீடு பார்க்கும்போது ரயில் தடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மறுகரைத் தடத்தில் இரவெல்லாம் சரக்கு ரயில் போகிறது, ஒவ்வொரு கிராசிங்கிலும் ஊதும். பெரியவர்களுக்கு ஒரு ராத்திரியில் பழகிவிடும்.

சாப்பாட்டுக்கு ஃபிளாஸ்கில் ராகிக் கஞ்சி, டப்பாவில் இட்லி, வாழைப்பழம். வழியில் கடை கிடைக்கும், ஆனால் குழந்தைக்கு ஏற்றது கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். திராட்சையைக் கொடுத்தால் நீளவாக்கில் நான்காக நறுக்கி, நிறுத்தியிருக்கும்போது மட்டும். ஓடும் டிரெய்லரில் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள், புரையேறினால் உங்களுக்குக் கேட்காது. குடிதண்ணீர்க் குழாய் எல்லா இடத்திலும் இல்லை, பாலுக்குத் தேவையான தண்ணீரை எடுத்துக்கொண்டே கிளம்புங்கள். கழிப்பறை இருக்கும் இடத்தில்கூட டயப்பர் மாற்றும் பலகை பெரும்பாலும் இருக்காது. விரிக்க ஒரு பாய், அழுக்கு டயப்பரைக் கட்டிக்கொண்டு வர இறுக்கமாக முடிச்சுப் போடும் பை, இரண்டும் டிரெய்லரின் பின்பையில் மேலேயே இருக்கட்டும். பங்சர் சாமானை அதற்குக் கீழே வையுங்கள். டிரெய்லர் சக்கரத்தின் அளவு சைக்கிளுடையதிலிருந்து வேறு, அதற்குத் தனி டியூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.